கத்தரியில் பிறந்த முகங்கள்: பழைய அமெரிக்க நிழலுருக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு ஆண்டுகளாகப் பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு, 1790-க்கும் 1850-க்கும் இடையில் அமெரிக்காவில் காகிதத்தில் வெட்டப்பட்ட முகங்களைச் சேர்த்துவருகிறேன். கூடத்துச் சுவரில் இருபத்துமூன்று தொங்குகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி ஆறுவதற்குள் கேட்டுவிடுகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இவை ஓவியமா, வெட்டிய காகிதமா?

வெட்டிய காகிதம்தான். ஒருவரைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, உச்சந்தலையிலிருந்து மார்பு வரை உள்ள வெளிக்கோட்டை மட்டும் எடுத்து, அந்தக் கோட்டின் வழியே வெட்டிவிடுவார்கள். கண், புருவம், நிறம் எதுவும் கிடையாது. முகம் பெரும்பாலும் இரண்டு மூன்று அங்குல உயரம்தான். முழுத்தாளும் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இதில் இரண்டு வகை. கறுப்புத் தாளில் முகத்தை வெட்டி வெள்ளை அட்டையில் ஒட்டுவது ஒன்று. மற்றது அதற்கு நேர்மாறு: வெள்ளைத் தாளின் நடுவிலிருந்து முகத்தை வெட்டி எடுத்துப் போட்டுவிட்டு, ஓட்டை விழுந்த தாளை வைத்துக்கொள்வார்கள். ஓட்டைக்குப் பின்னால் கறுப்புத் தாளோ கறுப்புப் பட்டோ வைத்தால் முகம் எழுந்து நிற்கும். இதை ஹாலோ கட் என்பார்கள். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளின் அமெரிக்க முகங்களில் பெரும்பாலானவை இந்த வகை. கண்ணாடியிலும் பிளாஸ்டரிலும் வண்ணத்தால் தீட்டிய நிழலுருக்களும் உண்டு. அவை வேறு வித்தை, நான் வாங்குவதில்லை.

என் மாமியார் திருச்சியிலிருந்து வந்திருந்தபோது ஒன்றைச் சட்டகத்திலிருந்து எடுத்துக் காட்டினேன். பின்னாலிருந்த துணியை விலக்கியதும் வெறும் ஓட்டை. "முகத்தை யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சத் தாளையா மாப்பிள்ளை காசு கொடுத்து வாங்கினீர்கள்?" என்றார். ஹாலோ கட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இப்போது அதையே சொல்லிவிடுகிறேன்.

இவற்றுக்குச் சிலுவெட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? தமிழில் என்னவென்று சொல்வது?

எத்தியென் த சிலுவெட் என்பவர் 1759-இல் சில மாதங்கள் பிரான்ஸின் நிதி அமைச்சராக இருந்தார். போர்ச்செலவில் காலியாகிக்கிடந்த கஜானாவை நிரப்பப் பணக்காரர்களின் மடியில் கைவைத்தார். அவர்களோ மலிவான, அரைகுறையான எல்லாவற்றுக்கும் அவர் பெயரைச் சூட்டிப் பழிதீர்த்துக்கொண்டார்கள். வண்ணமில்லாத மலிவுப் படத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இந்தப் படங்கள் அமெரிக்காவில் வெட்டப்பட்ட முதல் முப்பது நாற்பது ஆண்டுகளில் அங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. ‘புரொஃபைல்’ என்றார்கள், அல்லது நிழல் என்று பொருள்படும் ‘ஷேட்’ என்றார்கள். 1825-க்கு முந்தைய படத்தின் பின்னால் அந்தக் காலத்துக் கையெழுத்து என்று காட்டி ‘சிலுவெட்’ என்று எழுதியிருந்தால், எழுதிய கை பிற்காலத்தது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தமிழில் ஒரு சிறு சங்கடம் இருக்கிறது. நிழற்படம் என்பதே பொருத்தமான சொல்; அதை நாம் புகைப்படத்துக்குக் கொடுத்துவிட்டோம். இந்தக் கலையை ஒழித்துக்கட்டியது அந்தப் புகைப்படம்தான் என்பது வேறு விஷயம். நான் நிழலுரு என்கிறேன்.

அந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு பேர் வெட்டிக்கொண்டார்கள்?

மலிவு. எண்ணெய் வண்ணத்தில் முகம் தீட்டிக்கொள்ள நிலபுலன் வேண்டும், பல நாள் உட்காரப் பொறுமையும் வேண்டும். நிழலுருவுக்குச் சில நிமிடமும் சில்லறையும் போதும். அதோடு சுவிட்சர்லாந்துப் பாதிரியார் லவாட்டர் என்பவர், மூக்கையும் நெற்றியையும் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று 1770-களில் கிளப்பிவிட்டிருந்தார். நம் ஊர் சாமுத்திரிகா லட்சணத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. பக்கவாட்டு முகத்துக்கு அதனால் ஒரு மவுசு வந்தது. 1839-இல் டாகெரோடைப் புகைப்படம் அறிவிக்கப்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கத்தரிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள்.

‘மியூசியம்’ என்று முத்திரை குத்திய நிழலுருக்களை எல்லாரும் தேடுகிறார்களே, என்ன விசேஷம்?

இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிலடெல்பியாவில் சார்லஸ் வில்சன் பீல் என்ற ஓவியர் ஓர் அருங்காட்சியகம் நடத்தினார். பஞ்சடைத்த பறவைகளும், யானைபோன்ற, அழிந்துபோன மாஸ்டடோன் விலங்கின் எலும்புக்கூடும், புரட்சிப்போர் வீரர்களின் படங்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நுழைவுக் கட்டணம் 25 சென்ட். ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் ஃபிசியோநோட்ரேஸ் என்று ஒரு கருவி செய்து அவரிடம் கொடுத்தார். 1802-இன் இறுதியில் அது அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதன் பக்கத்தில் பார்வையாளர் உட்கார வேண்டும். ஒரு சிறு பித்தளைத் துண்டை முகத்தின் ஓரமாக உண்மையாகவே தடவிக்கொண்டு போனால், அதோடு இணைந்த சட்டங்கள் அந்த அசைவைச் சிறிதாக்கி, மறுமுனையில் உள்ள ஊசியால் மடித்த தாளில் கோடு பதிக்கும். மையில்லை, வெறும் பள்ளம்தான். தாள் இரண்டு முறை மடிக்கப்பட்டிருக்கும். பள்ளத்தின் வழியே ஒரு தடவை வெட்டினால் நான்கு முகங்கள். வீட்டுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, காதலிக்கு ஒன்று, இன்னொன்று யாருக்கோ. இந்தக் கருவியின் படத்தை 1803 ஜனவரியில் பீல் அதிபர் ஜெஃபர்சனுக்கே வரைந்து அனுப்பினார்.

சரி, வெட்டியது யார்? முத்திரையில் இருப்பது ‘மியூசியம்’ அல்லது ‘பீல்ஸ் மியூசியம்’. வெட்டியவர் மோசஸ் வில்லியம்ஸ்.

அவருடைய பெற்றோர் பீலின் அடிமைகள். 1786-இல் பெற்றோரை விடுவித்த பீல், சிறுவனாக இருந்த மோசஸை விடவில்லை. பீல் தன் பிள்ளைகளுக்கு ராஃபேல், ரெம்பிராண்ட், டிஷியன் என்றெல்லாம் ஓவியர்களின் பெயர் வைத்து, தூரிகையும் கையில் கொடுத்தார். அதே வீட்டில் வளர்ந்த மோசஸுக்குப் பறவைத்தோல் உரிப்பதும் பஞ்சடைப்பதும் சொல்லிக்கொடுக்கப்பட்டன, ஓவியம் இல்லை. 1802-இல் விடுதலை கிடைத்தது. புதிதாக வந்த கருவி அவர் கைக்குப் போயிற்று. முகத்துக்கு 8 சென்ட் கூலி. 1803-இல் மட்டும் 8,880 நிழலுருக்கள் வெட்டியதாகப் பீலே எழுதிவைத்திருக்கிறார். கணக்குப் போட்டால் ஆண்டில் ஒரு நாள்கூட விடாமல் தினம் இருபத்துநான்கு வருகிறது. அந்தக் காசில் இரண்டு மாடிச் செங்கல் வீடு வாங்கினார். பீல் வீட்டில் சமையல் செய்த மரியா என்ற வெள்ளைப் பெண்ணை மணந்தார். ஒரு காலத்தில் அவரோடு ஒரே மேசையில் உட்கார மறுத்தவர் அந்த மரியா என்று பீலின் மகன் ரெம்பிராண்ட் பிற்காலத்தில் எழுதினார்.

வெட்டும்போது உள்ளிருந்து உதிர்ந்த முகங்களை அங்கே ‘பிளாக்ஹெட்’ என்றார்கள். நம் பேச்சில் அப்படியே மரமண்டை. மரமண்டைகள் போயின, ஓட்டைகள் தங்கின.

பிலடெல்பியாவின் லைப்ரரி கம்பெனி என்ற பழைய நூலகத்தில் ஒரு நிழலுரு இருக்கிறது. கீழே ‘மோசஸ் வில்லியம்ஸ், முகம் வெட்டுபவர்’ என்று எழுதியிருக்கிறது. வெகுகாலம் அதை ராஃபேல் பீலின் கைவேலை என்று பதிந்துவைத்திருந்தார்கள். மோசஸ் தம்மையே வெட்டிக்கொண்டதாக இருக்கலாம் என்று இப்போது ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். விற்பனைப் பட்டியல்களில் இன்றைக்கும் ‘பீல் வெட்டியது’ என்று அச்சடிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். பீலின் முத்திரை என்று சொல்லுங்கள், அருங்காட்சியகத்தின் தாள் என்று சொல்லுங்கள். கத்தரி பிடித்த கை வேறு.

முழு உருவமும் வெட்டியிருப்பார்களே, அவை யாருடையவை?

முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் ஓகுஸ்த் எடுவார். டன்கிர்க்கில் 1789-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். இங்கிலாந்துக்கு வந்து, முதலில் நாய்களின் உருவங்களை நிஜ முடியால் செய்து விற்றுப் பிழைத்தார். பிறகு கத்தரியைக் கையிலெடுத்தார். கருவி வைத்து வெட்டுபவர்களையும், கறுப்பின் மேல் பொன்கோடு தீட்டி அழகுபடுத்துபவர்களையும் அவருக்கு அறவே பிடிக்காது. ஆளைப் பார்த்து, கையால், அவ்வளவுதான். 1839 முதல் 1849 வரை அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றினார். நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா, வாஷிங்டன், நியூ ஆர்லியன்ஸ், கோடையில் சரடோகா. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸும் அவர் முன் நின்றிருக்கிறார்.

தாளை மடித்து வெட்டி, ஒன்றை வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு, மற்றதைத் தம் ஆல்பத்தில் ஒட்டிப் பெயர், ஊர், தேதி எழுதிவைப்பது அவர் வழக்கம். பத்திரப் பதிவு அலுவலகக் கெடுபிடியோடு செய்திருக்கிறார். 1849 டிசம்பரில் ஊர் திரும்பும்போது அவர் ஏறிவந்த ‘ஒனைடா’ கப்பல் குர்ன்சி தீவருகே உடைந்தது. மனிதர் பிழைத்தார், ஆல்பங்களில் பெரும்பகுதி கடலோடு போயிற்று. கரைசேர்ந்தவற்றை, தமக்கு அடைக்கலம் கொடுத்த லூக்கிஸ் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் கத்தரியைத் தொடவில்லை என்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆல்பங்கள் வெளியே வந்தன. பக்கம் பக்கமாகப் பிரித்து விற்கப்பட்டன. இன்று சந்தைக்கு வரும் எடுவார் படங்களில் பல, வீட்டுக்குப் போன பிரதி அல்ல, இந்த ஆல்பப் பிரதிதான். பெயரும் தேதியும் அவர் கையெழுத்திலேயே கிடைப்பது அதனால்தான்.

இன்னும் யார் யாரைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்?

மார்த்தா ஆன் ஹனிவெல். 1786-இல் கைகள் இல்லாமல் பிறந்தவர். வாயாலும் கால்விரல்களாலும் கத்தரியைப் பிடித்து வெட்டினார். ‘கையில்லாமல் வெட்டியது’ என்று கீழே எழுதிக் கொடுத்தார். காட்சிப்பொருளாகப் பார்க்கக் கூட்டம் வந்தது என்பது உண்மை. ஆனால் வேலையைப் பாருங்கள்: தலைப்பாகையின் சரிகை விளிம்பில் ஒரு பிசிறு கிடையாது.

வில்லியம் ஜேம்ஸ் ஹபர்ட், ‘மாஸ்டர் ஹபர்ட்’ என்ற பெயரில் குழந்தை மேதையாக இங்கிலாந்தில் ஊர்வலம் வந்தவர். 1824-இல் அமெரிக்கா வந்தார். பிறகு ஓவியரானார். 1862-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ரிச்மண்டில் தென் மாநிலங்களின் படைக்காகக் குண்டுக்குள் மருந்து அடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்து இறந்தார். ‘ஹபர்ட் கேலரி’ என்ற அழுத்து முத்திரை உள்ளவை அவரே வெட்டியவை என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் காட்சிக்கூடத்தில் வேறு கைகளும் வேலை செய்தன.

சார்ல்ஸ்டனில் பிறந்த வில்லியம் ஹென்றி பிரவுன் முழு உருவக்காரர். தம் நிழலுருக்களை 1845-இல் லித்தோ அச்சில் புத்தகமாகப் போட்டார். 1931-இல் மறுபதிப்பும் வந்தது. இந்தப் பக்கங்களைச் சட்டகம் போட்டு ‘வெட்டியது’ என்று விற்பவர்கள் உண்டு. விரலால் தடவிப் பாருங்கள். வெட்டி ஒட்டியதானால் விளிம்பு தட்டுப்படும், அச்சானால் வழுக்கிக்கொண்டு போகும்.

வில்லியம் பாச்சே கதை இன்னும் விநோதம். ஊர்சுற்றி வெட்டிய 1,800-க்கும் மேற்பட்ட முகங்களை ஒரு கணக்குப் பேரேட்டில் ஒட்டிவைத்திருந்தார். பேரேடு வாஷிங்டனின் தேசிய உருவப்பட அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சோதித்துப் பார்த்தால் தாளில் ஆர்சனிக் நஞ்சு. யாரும் புரட்ட முடியாமல் கிடந்ததைப் பிறகு பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் பழைய ஆல்பங்களிடம் அதைக் காட்ட வேண்டாம்.

பெயர் தெரியாதவர்களும் ஏராளம். 1830-ஐ ஒட்டி ஒருவர் தலையை மட்டும் வெட்டி, உடலை நீர்வண்ணத்தில் தீட்டினார். பெண்களின் சட்டைக்கை தலையணை போல உப்பியிருக்கும். பெயர் கிடைக்காததால் அவரை ‘உப்பிய கை ஓவியர்’ என்றே அழைக்கிறார்கள்.

எல்லாம் கறுப்பாகவே தெரிகின்றனவே, யார் வெள்ளையர், யார் கறுப்பர்?

வெளிக்கோடு அதைச் சொல்லாது. எழுத்துதான் சொல்லும். கனெக்டிகட்டின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஃப்ளோரா என்ற பெண்ணின் நிழலுரு இருக்கிறது. ஏறக்குறைய நிஜத் தலையளவு. பத்தொன்பது வயதில், 1796-இல், 25 பவுண்டுக்கு அடிமையாக விற்கப்பட்டவர். விற்பனைச் சீட்டும் முகமும் சேர்ந்தே பிழைத்திருக்கின்றன. சீட்டு இல்லாவிட்டால் அது யாரோ ஒரு பெண்ணின் முகம், அவ்வளவுதான்.

அதேபோல வெர்மான்டின் மிடில்பரியில் ஓர் இரட்டை நிழலுரு: சாரிட்டி பிரையன்ட், சில்வியா டிரேக் என்ற இரு பெண்கள் எதிரெதிரே பார்த்தபடி, சுற்றிலும் பின்னிய தலைமுடி. 1807 முதல் 1851-இல் சாரிட்டி இறக்கும் வரை ஒரே வீட்டில் தம்பதிபோல வாழ்ந்தவர்கள். இந்த இரண்டும் 2018-இல் தேசிய உருவப்பட அரங்கத்தில் நடந்த நிழலுருக் கண்காட்சியில் ஒருசேர வைக்கப்பட்டன.

ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

முகத்தைப் பார்க்காதீர்கள், அது மயக்கிவிடும். விளிம்பைப் பாருங்கள்.

என்னிடம் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தாள் நான்கங்குலத்துக்கு ஐந்தங்குலம், வடித்த கஞ்சியின் நிறம். பத்து மடங்கு லென்ஸை வைத்தால், கத்தரி எங்கே தயங்கியது என்று தெரிகிறது: மேலுதட்டுக்கும் மூக்குக்கும் இடையில் ஒரு மெல்லிய கோணம், அங்கே தாளைத் திருப்பியிருக்கிறார்கள். தாடைக்குக் கீழ் ஒரே இழுப்பு. தொப்பி நாடா முடியும் இடத்தில் அரை மில்லிமீட்டர் அதிகமாக உள்ளே போய்விட்ட வெட்டு. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், அந்தத் தவறிய வெட்டுக்குப் பக்கத்தில் கருவியின் ஊசி பதித்த பள்ளம் தனியாக ஓடுவது தெரிகிறது. கருவி சொன்னது ஒரு வழி, கத்தரி போனது இன்னொரு வழி. இத்தகைய தாளைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

அடுத்து மார்பு முடியும் கோடு. ஒவ்வொரு கைக்கும் அதில் ஒரு பழக்கம் இருக்கும்: ஒருவர் ஆழமாகக் குழித்து முடிப்பார், ஒருவர் முன்பக்கம் கூராக இழுப்பார். முத்திரை இல்லாத படத்தை இன்னார் வேலை என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கோட்டை வைத்துத்தான்.

பிறகு தாள். அந்தக் காலத் தாள் பருத்தி, லினன் துணிக் கந்தல்களிலிருந்து செய்தது. இருநூறு ஆண்டானாலும் வளைத்தால் வளையும். ‘1805’ என்று சொல்லப்படும் தாள் அப்பளம்போல் நொறுங்கி, ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தால் அது மரக்கூழ்த் தாளாக இருக்கலாம். மரக்கூழ்த் தாள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சில தாள்களில் நெருக்கமான கோடுகள் தெரியும். கோடில்லாத தாளும் அப்போதே புழக்கத்தில் இருந்தது, ஆகவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தாளில் வெண்மையூட்டி ரசாயனம் சேர்க்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் அது சொட்டு நீலம் போட்ட வேட்டிபோலப் பளீரென்று எரியும். கந்தல் தாள் மங்கிக் கிடக்கும்.

உடையை வைத்து ஆண்டு சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. ஆணின் பிடரியில் நாடா கட்டிய குடுமி இருந்தால் 1800-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ. பெண்ணின் தலையில் உயரமான சீப்பும் தோளில் உப்பிய கையும் இருந்தால் 1830 வாக்கில். ஆனால் கிழவர்கள் எந்தக் காலத்திலும் தம் இளமைக்காலத்து உடையையே உடுத்துவார்கள் என்பதை மறக்க வேண்டாம். உடை, படம் அதற்கு முந்தையதல்ல என்று மட்டுமே சொல்லும்.

பின்னால் பெயர் எழுதியிருந்தால் நம்பலாமா?

சாதாரணப் பெயரானால் நம்புவேன். ‘ஹன்னா அத்தை, சேலம்’ (நம் ஊர்ச் சேலம் இல்லை, அமெரிக்கச் சேலம்) என்று பழுப்பேறிய மையில் எழுதிவைத்து யாரும் கோடி சம்பாதித்துவிட முடியாது. ஜார்ஜ் வாஷிங்டன் என்றிருந்தால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பெரிய பெயர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் வழக்கம்தான். எழுதியது பால்பாயின்ட் பேனாவா என்றும் பாருங்கள். கேட்டால் சிரிப்பீர்கள், இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

விலை எவ்வளவு ஆகும்?

பெயரும் முத்திரையும் இல்லாத ஹாலோ கட் முகம் நூறு இருநூறு டாலருக்குள் பழம்பொருள் கண்காட்சிகளில் இன்னும் கிடைக்கிறது. முத்திரை வந்தால் விலை ஏறும். ஆளும் இன்னார் என்று தெரிந்தால் இன்னும் ஏறும். எடுவாரின் முழு உருவம், அதுவும் பின்னணிக் காட்சியோடு என்றால் ஆயிரத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். கறையும் கிழிசலும் விலையைக் குறைக்கும். கன்னத்திலோ மூக்கிலோ கிழிசல் இருந்தால் விலை குறைந்தாலும் வாங்காதீர்கள். இருப்பதே ஒரு கோடு, அதுவும் போனால் மிச்சம் என்ன?

1930-களில் குமிழ்க் கண்ணாடிக்குப் பின்னால் நிழலுரு வைத்து ஆலையில் செய்த சுவரலங்காரங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அழகாக இருக்கும். பழம்பொருள் என்று விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

இணையத்தில் வாங்கலாமா?

வாங்கலாம். சட்டகத்திலிருந்து வெளியே எடுத்து, முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

வெயில்தான் முதல் எதிரி. இதில் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வீட்டில், மேற்கு பார்த்த சன்னலுக்கு எதிரே ஒரு கிழவரை மாட்டினேன். இரண்டு கோடை கழித்து எடுத்துப் பார்த்தால், சட்டகம் மறைத்த ஓரம் மட்டும் பழைய நிறத்தில், நடுவெல்லாம் காவி. பின்னாலிருந்த கறுப்புப் பட்டு மூக்குப்பொடி நிறத்துக்கு வெளுத்திருந்தது. கிழவர் இப்போது அலமாரியில் இருக்கிறார். அருங்காட்சியகங்களில் இவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் விடுகிறார்கள். நம் கூடத்து விளக்கு அதைவிட அதிகம்.

அமிலமற்ற அட்டையில் வைக்க வேண்டும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. செலோடேப், ஃபெவிகால், லாமினேஷன் எதுவும் கிட்டேயே வரக்கூடாது. பழுப்புப் புள்ளிகளை வெளுக்க முயலாதீர்கள். பட்டு இழை இழையாகப் பிரிந்தாலும் அதைக் களைந்துவிட்டு வேறு துணி வைக்காதீர்கள், அதுவும் படத்தின் வயதுக்குச் சாட்சி. சட்டகம் பழையதானால், பின்பலகையில் உள்ள தாளைக் கிழிக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் ஒட்டுச்சீட்டு அங்கேதான் இருக்கும்.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருப்பது நல்லது. சென்னையின் ஐப்பசியில் அது நடக்காது. ராமபாணப் பூச்சிக்குக் கந்தல் தாளும் பழைய பசையும் பந்திச் சாப்பாடு. குளிர்சாதன அறை இல்லையென்றால் இங்கேயே நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

வாங்காமல் பார்க்க மட்டும் எங்கே போகலாம்?

வாஷிங்டனில் தேசிய உருவப்பட அரங்கம், பிலடெல்பியாவில் லைப்ரரி கம்பெனி, டெலவேரில் வின்டர்தூர், மாசசூசெட்ஸில் ஹிஸ்டாரிக் டியர்ஃபீல்ட். வெளிச்சம் ஆகாத பொருள் என்பதால் எப்போதும் சுவரில் இருக்காது; முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. வீட்டிலிருந்தே பார்க்க, மேலே சொன்ன பாச்சேயின் பேரேடு மிக நல்லது. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அதைப் பாருங்கள். ஐநூறாவது முகத்தில் மார்புக்கோடு தானாகக் கண்ணில் படத் தொடங்கும்.

நீங்கள் ஏமாந்ததுண்டா?

உண்டு. மூன்றாம் ஆண்டிலேயே, ஒரு கண்காட்சியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு வியாபாரியிடம். ‘மியூசியம்’ முத்திரை மார்புக்குக் கீழே எடுப்பாக இருந்தது. எடுப்பாக இருந்ததைக் கண்டு நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்: நிஜ முத்திரை இருநூறு ஆண்டு சட்டகத்துக்குள் அமுங்கி, விளக்கைச் சாய்த்தால்தான் தெரியும், அதன் பள்ளத்தில் அழுக்கும் சேர்ந்திருக்கும். இதன் எழுத்துகளோ நேற்று குத்தியதுபோல் நின்றன. அன்றைக்கு என்னிடம் புற ஊதா டார்ச் இல்லை. அடுத்த வாரம் வாங்கி, இருட்டில் பிடித்தேன். தாள் எரிந்த வெளிச்சத்தில் புத்தகமே படிக்கலாம் போலிருந்தது.

தூக்கி எறியவில்லை. அதை உண்மையான ஒன்றின் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன். எது போலி என்று வருகிறவர்களைக் கேட்பேன். மாமியார் ஒவ்வொரு முறை வரும்போதும் போலியைத்தான் நிஜம் என்று காட்டுகிறார். அதில்தான் எழுத்து நன்றாகத் தெரிகிறதாம்.